கோமதிநாயகத்தின் பின்னொளி

ஆனி மாதம் பதினேழாம் தேதி வியாழக்கிழமை, பகல் பத்தே முக்கால் மணிக்கு, கரட்டூர் மாவுமில் கோமதிநாயகம் தன் கடைவாசலில் கிழக்கே பார்த்து நின்றவாக்கில் வெடித்தார். சத்தம் இல்லை, புகை இல்லை, ரத்தம் ஒரு சொட்டு இல்லை. எதிரே ரேஷன் வரிசையில் நின்ற இருபத்திரண்டு பேரும் பதினெட்டு நொடிக்கு ஒருத்தர் எலும்பை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கூழ்க்காரியின் விரல் எலும்பில் மோதிரம் தனியே மிதந்தது, எடைபோடுகிறவனின் வயிற்றில் அவன் சின்னப்பிள்ளையில் விழுங்கிய நாலணா இன்னும் கிடந்தது, நிறைமாதக்காரி ஒருத்தியின் வயிற்றுக்குள் பிள்ளை மல்லாந்து கிடப்பதைப் பார்த்து, "ஆம்பளப் புள்ளட்டி!" என்று வரிசை மொத்தமும் ஒரே குரலில் கூவிவிட்டு, அப்படிச் சொன்னால் ஜெயில் என்று ஆஸ்பத்திரியில் போர்டு எழுதியிருப்பது ஞாபகம் வந்து, ஒரே கையாக வாயைப் பொத்திக்கொண்டது. பதினெட்டு நொடி முடிந்தபோது கோமதிநாயகம் இல்லை. அவர் நின்ற இடத்தில் அவர் உயரத்துக்கு, அவர் அகலத்துக்கு, அவரைப் போலவே கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, ஒரு வெளிச்சம் நின்றது.

அந்நேரம் அவர் பெண்சாதி செண்பகவல்லி பஜார் கடைசியில் இருக்கிற ஸ்கேன் சென்டரில், சைக்கிளிலிருந்து விழுந்த ஒருவனின் முட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பதினேழு வருசமாக அவளுக்கு எக்ஸ்ரே வேலை. படத்தைக் கழுவித் தூக்கினால் அதில் முட்டி இல்லை, விலா எலும்பு இருந்தது. அலமாரியைத் திறந்து உடைக்காத பெட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருந்த ஐம்பது பிலிமிலும் அதே விலா எலும்பு. முகத்தைவிட எலும்பை நன்றாக அடையாளம் தெரிகிற தொழில் அவளுடையது; யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேலே கிடந்த ஈய அங்கியைக் கழற்றக்கூடத் தோன்றாமல், அந்தக் கனத்தோடு ஓடினாள்.

ஓடிவந்தவள் வாசலில் நின்ற வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைத்தான் பார்த்தாள். புதுசாகச் சுண்ணாம்பு அடித்த யூனியன் ஆபீஸ் சுவரில், அடியிலிருந்து நுனிவரை, இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு நெஞ்சுக்கூடு விழுந்திருந்தது. இடப்பக்கம் மேலே, மூன்றாவது விலாவுக்கும் நாலாவதுக்கும் நடுவில், பலாப்பழம் பருமனுக்கு வெள்ளையாக ஒரு திட்டு, ஓரமெல்லாம் கால் முளைத்தாற்போல.

"நண்டுல்லா அது!" என்றார் ஓவர்சியர் வேலையில் ஓய்வுபெற்ற வெள்ளத்துரை. ஊரில் எதற்குக் கமிட்டி போட்டாலும் அவர்தான் தலைவர். "கடல்லேருந்து அம்பது மைல் தள்ளி நண்டு வந்திருக்குன்னா, அது ஏதோ சொல்ல வந்திருக்கு."

நண்டு இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குள் போய்ப் பார்த்தாள். மின்வாரிய அட்டை தேடினாரோ என்னவோ, டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. அடியில் பட்டுச்சேலைக்குள் அவள் சுருட்டி வைத்திருந்த பிலிமைக் காணோம்.

வைகாசியில் கோமதிநாயகம் இருமிக்கொண்டே இருந்தார். மாவுத்தூசிதான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே அவரை நிறுத்திப் படம் எடுத்தாள். கழுவும்போதே கை நின்றுவிட்டது. அவள் அப்பாவுக்கு இதே நிழல், இதே பக்கம்; டாக்டர் அவரிடம் சொன்ன ஒன்பதாம் நாள் செத்துப்போனார், நிழல் கொன்றதா சொன்னது கொன்றதா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. ஆகவே அவள் குவைத்துக்கு மெடிக்கல் எடுக்க வந்த ஒரு விடலையின் படத்தில் புருசன் பேரை ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். "தூசிதாங்க, வேற ஒண்ணுமில்ல." கோமதிநாயகம் அந்தப் படத்தை மில் ஜன்னலில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, மாவரைக்க வந்த ஒவ்வொருவரிடமும், "பாரும்வே, பதினெட்டு வயசுக்காரன் நெஞ்சு!" என்று தட்டித்தட்டிக் காட்டினார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அவள் தினமும் நினைத்தாள். அப்படி நினைத்த முப்பத்தொன்பதாம் நாள் அவர் உண்மைப் படத்தை எடுத்து, வாசலில் நின்று சூரியனுக்கு நேரே பிடித்து, என்னமோ சொல்ல வாயைத் திறந்திருக்கிறார்.

ஊர் பயந்ததா என்றால் பயந்தது, ஆனால் பயத்தோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று மூன்றாம் மணி நேரத்துக்குள் கற்றுக்கொண்டது. கிழக்கே பார்த்து வாசலில் நிற்பதை எல்லாரும் நிறுத்தினார்கள். தும்மல் வந்தால் குடத்துக்குள் தும்மினார்கள். பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் உட்காரவைத்துச் சோறூட்டினார்கள், ஆம்பளைகள் தலையில் ஈயச்சட்டி கவிழ்த்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள். ஆடுகள் மட்டும் எப்போதும்போல வெளிச்சத்தின் முன்னால் எலும்பாக வந்து எலும்பாகப் போயின. பஸ்காரன் அதற்குள் புது நிறுத்தமே போட்டுவிட்டான்: "ஒளி ஸ்டாப்பெல்லாம் எறங்கு! எலும்பு தெரிஞ்சா கம்பெனி பொறுப்பில்ல, பார்த்துட்டு ஏறாதவன விட்டுட்டுப் போயிருவேன், ரைட்ட்ட்!" பஞ்சாயத்து மைக்கும் மூக்கடைத்த குரலில் தெருத்தெருவாகப் போயிற்று: "அன்பார்ந்த பொதுமக்களே, வெடிக்கப் போகிறவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே வார்டு மெம்பரிடம் தெரிவிக்கவும், தெரிவிக்கவும்."

மறுநாள் காலை வெளிச்சம் அணைந்துவிட்டது. சுவரில் நெஞ்சுக்கூடும் மங்கிப்போனது. வெள்ளத்துரை முன்யோசனையாகக் கரிக்கட்டியால் ஓரம் வரைந்து வைத்திருந்ததால் நண்டு மட்டும் தப்பியது. பெண்கள் தலையை விரித்துக்கொண்டு ஒப்பாரிக்கு உட்கார்ந்தார்கள். அப்போது, முப்பது வருசத்துக்கு முன்னால் கண் முகாமில் புரை எடுத்து, லென்ஸ் வைக்காமலே அனுப்பப்பட்ட பேச்சிமுத்து தாத்தா, சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவர், துடைத்த கையோடு நின்றார்.

"எதுக்குட்டி அழுதீக? கத்திரிப்பூ நெறத்துல கொழுக்கட்டை மாதிரி நிக்கானே. நல்ல கண்ணு வச்சிருந்து என்னத்துக்கு?"

மத்தியானம் ஊசிக்கரட்டு உச்சியிலிருக்கிற தொலைநோக்கி நிலையத்திலிருந்து ஜீப்பில் ஜெயராக்கினி வந்து இறங்கினாள். எங்கெங்கோ கோடி கோடி மைலுக்கு அந்தாண்டை நட்சத்திரங்கள் வெடித்த பிறகு மிஞ்சுகிற ஒளியைப் பன்னிரண்டு வருசமாகத் துரத்தித் துரத்திப் படித்தவள்; ரேஷன் கடைக்கு எதிரே ஒன்று கிடைத்ததில் அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை, கோபம்தான் இருந்தது.

"நேத்து பத்தே முக்காலுக்கு வெடிச்சத இன்னைக்கு ஒரு மணிக்குச் சொல்லுதீக. மொத மூணு மணி நேரந்தான முக்கியம்! யாராவது குறிச்சு வச்சீகளா? இல்ல. சட்டியக் கவுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டீக."

"அணைஞ்சிட்டே, டாக்டரம்மா?" என்றார் வெள்ளத்துரை.

"அது அணையல. நம்ம கண்ணுலேருந்து எறங்கிருச்சு. இதுக்குப் பேரு பின்னொளி. படி எறங்குத மாதிரி எறங்கும். மொத எலும்பு ஒளி, அப்புறம் லென்ஸ் இல்லாத தாத்தா கண்ணுக்கு மட்டும் தெரியற ஊதா, அப்புறம் நமக்குத் தெரியற நெறம், அப்புறம் வெறும் சூடு, கடைசில ரேடியோ. ஒவ்வொரு படியிலயும் ஒரு ஆள் காத்திருக்கணும். ஒரு படிய விட்டாலும் பாதிக் கதைதான் கெடைக்கும்."

இப்படித்தான் கரட்டூரில் பின்னொளிக் கமிட்டி உண்டாயிற்று. ஊதாவுக்குப் பேச்சிமுத்து தாத்தா, நிறத்துக்குச் சாயப்பட்டறைக்காரர்கள், சூட்டுக்கு அடைகாக்கிற கோழியும் அதன் சொந்தக்காரியும் என்று முறை வைத்து, அவரவர் பார்த்ததை அவரவர் கையெழுத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினார்கள். மேலத்தெருக்காரர்கள்தான் சண்டைக்கு வந்தார்கள்: மில்லுக்குப் பின்பக்கம் குடியிருந்ததால் அவர்களுக்கு எலும்பும் தெரியவில்லை, எதுவும் தெரியவில்லை, "வெடிக்கிறதுலகூட எங்களுக்கு முதுகக் காட்டிட்டான்" என்று பொங்கினார்கள். வெடிப்பு ஒரு பக்கமாகத்தான் பாயும், ஒளி வேகம் குறைந்து அகலமாகும்போது உங்கள் பக்கமும் வரும் என்று ஜெயராக்கினி சொன்னாள். அப்படியே ஐந்தாம் நாள் வந்தது. அவர்களும் ஒரு மாலையை வாங்கிப்போட்டு, அதற்கப்புறம் எல்லாரையும் போலப் பயப்படத் தொடங்கினார்கள்.

செண்பகவல்லியின் பயம் ஜெயராக்கினி போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தையில் பிடித்தது. "ரேடியோ நீள அலை, அதுக்கு நடை மெதுவு. அதனால மொத நொடியில அதுல கெளம்புனதுதான் கடைசியா வந்து சேரும். வெடிக்கையில அவரு என்ன பேசுனாரோ, அது கார்த்திகை வாக்குல ரேடியோவுல கேக்கும்."

அன்றிலிருந்து அவள் பகல்களுக்கு ஒரே வேலை, நாள் எண்ணுவது. ஊதா வடிந்து நீலமானது, மாலை மாற்றிக்கொள்ள ஜோடிகள் வந்தார்கள். நீலம் வெளுத்து மஞ்சளானது, மஞ்சள் குளித்த அம்மனென்று ஒருத்தி சாமியாடினாள். மஞ்சள் சிவந்தபோது லாரிகள் தாமாகவே நின்று, பச்சை விழுமென்று அரைநாள் காத்திருந்து, வரிசை பக்கத்து ஊர் வரை போனது. ஊர் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பழக்கம் உண்டாக்கிக்கொண்டு மகிழ மகிழ, அவள் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு படி இறங்கிவருகிற காலடியைக் கேட்டாள். அவர் வருகிறார். சொல்லப்போகிறார். என் பெண்சாதி எனக்கு வேறொருவன் நெஞ்சைக் கொடுத்து ஏமாற்றினாள் என்று ஊர் ரேடியோ அத்தனையிலும் சொல்லப்போகிறார். ஒளி நிற்கையில் கருமாதி செய்யக்கூடாது என்று ஐயர் சொல்லிவிட்டதால் தாலியும் கழுத்தில்தான் இருந்தது; சோறு இறங்கும்போது அதுவும் கூட இறங்குகிற மாதிரி இருந்தது. கடையைத் திறந்தால் எதிரே கரிக்கோட்டு நண்டு, அதன் காலடியில் யாரோ ஏற்றிய நல்லெண்ணெய் விளக்கு. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஊர்ப்பெண்கள் அவள் மறைத்த வியாதிக்குப் பொங்கல் வைத்தார்கள். அவளுக்கும் ஒரு இலையில் கொடுத்தார்கள். சாப்பிட்டாள்.

ஞாயிறுதோறும் டவுனிலிருந்து வருகிற டாக்டர் ஒருவர் அந்தச் சுவரைப் பார்த்திருந்தால் போதும், குட்டு உடைந்திருக்கும். ஆனால் அவர், கோமதிநாயகம் வெடித்த சேதி கேட்ட நாளிலிருந்து கரட்டூர்ப் பக்கமே தலைவைக்கவில்லை.

ஐப்பசியில் சிவப்பும் போய் வெறும் சூடு நின்றது. அடைமழையிலும் அந்த வாசலில் வடகம் காய்ந்தது. கோழி முப்பத்தொரு குஞ்சு பொரித்தது. நாய்கள் அவர் இருந்த இடத்தைச் சுற்றிச் சுருண்டு படுத்தன. ஒரு மத்தியானம் நாய்களைத் தாண்டிப் போய் அவள் அந்தச் சூட்டுக்குள் கையை விட்டாள். அவர் முதுகுச் சூடு. கையை எடுத்துக்கொண்டு, நேரே ஊசிக்கரட்டுக்கு மலையேறிப் போய் ஜெயராக்கினி முன்னால் நின்றாள்.

"அது ரேடியோவுக்கு வராம நிறுத்த முடியாதா?"

ஜெயராக்கினி அவளையே பார்த்தாள். "கெளம்புனது கெளம்பிருச்சுக்கா. நாம கேக்கலாம், கேக்காம இருக்கலாம். நிறுத்த முடியாது."

"அப்ப நான் மட்டும் கேக்கேன். ரேடியோப் படிக்கு என்னையப் போடுங்க."

"உங்களத்தான் போடணும். ஆனா ஊரு வுடுமா?"

ஊர் விடவில்லை. வருகிற வியாழக்கிழமை பகல் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் என்று ஜெயராக்கினி கணக்குச் சொன்ன மறுநிமிடமே சந்தையில் பழைய ரேடியோ விலை ஏறியது. அவள் மில் ரேடியோவைத் தவிட்டு மூட்டைக்குள் ஒளித்தாள். வெள்ளத்துரை வீட்டு ரேடியோவின் பேட்டரிக் கட்டையை ஓசைப்படாமல் உருவி வந்து கிணற்றில் போட்டாள். அதனால் என்ன, ஊரில் நூற்றறுபது ரேடியோ மிச்சமிருந்தது. வியாழக்கிழமை காலை மில்லுக்கு முன்னால் பந்தல், வாழைமரம், மைக். நூற்றறுபது ரேடியோவும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து உஸ் என்று இரைந்தன. வடை போட்டார்கள். எல்லாருக்கும் பயந்தான், செத்தவன் பேசப்போகிறான், அடுத்து வெடிக்கப்போகிறவன் பேரைச் சொன்னாலும் சொல்லுவான். பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்பதா, உட்கார்ந்தே இருப்பதா என்று பின்வரிசையில் இரண்டு பேர் அடங்கிய குரலில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

செண்பகவல்லி முன்வரிசையில், மடியில் ஒரு ரேடியோவோடு உட்கார்ந்திருந்தாள். பத்து முப்பத்தைந்துக்கு இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் ஏறி வந்தது. டப்பு, டப்பு, டப்பு. மில் பெல்ட் ஓடுகிற சத்தம். நூற்றறுபது பெட்டியிலும் ஒரே நேரத்தில் கோமதிநாயகத்தின் மில் ஓடியது. இரண்டு பெண்கள் பழக்கத்தில் தூக்குப்போணியை நீட்டினார்கள். பிறகு ஒரு இருமல் கேட்டது. அந்த இருமல் அவளுக்குத் தெரியும்.

அடுத்தது பேச்சு என்றும் அவளுக்குத் தெரியும். அவர் வாயால் அதைக் கேட்கிற தெம்பு தனக்கு இல்லை என்பதும் அந்த நொடியில் தெரிந்தது. தைரியத்தில் எழுந்தாள் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள், அது பொய். பாம்பு வருகிற பக்கமே ஓடுகிற தவளை மாதிரி எழுந்தாள். வெள்ளத்துரை கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"அது நண்டு இல்ல!"

மைக் கீச்சிட்டது.

"அந்தச் செவுத்துல இருக்கது நண்டு இல்ல, அவுக நெஞ்சுல இருந்த கட்டி. நான் எடுத்த படம். நான்தான் மறைச்சேன். குவைத்துக்குப் போன பையன் படத்துல அவுக பேர ஒட்டிக் குடுத்தேன். சொன்னா செத்துருவாகன்னு பயந்துகிட்டுச் சொல்லல. அன்னைக்கு அவுக நெசப் படத்தக் கண்டுபிடிச்சிட்டாக. அதத்தான் இப்ப சொல்லப் போறாக. அவுக சொல்லுததுக்கு முந்தி நானே சொல்லிட்டேன்."

கல் விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். கல் விழவில்லை. ஊர் அவளைப் பற்றி யோசிக்கவே இல்லை. பின்வரிசையில் ஒரு பெண்குரல், மெதுவாக, பாத்திரத்தில் பல்லி விழுந்ததைப் பார்த்த மாதிரிக் கேட்டது:

"அப்ப… எனக்குக் குடுத்த படம் யாரு படம்?"

அவ்வளவுதான், கரை உடைந்தது. பதினேழு வருசத்தில் அவள் கையால் படம் எடுக்காத நெஞ்சு கரட்டூரில் இல்லை. "எங்கம்மாவுக்குத் தூசின்னியே!" "எனக்குச் சளின்னியே மதினி, சளிதானா?" "ஏ, என் பேரு ஒட்டுனதா அடிச்சதா, அதச் சொல்லு!" "நான் குவைத்துக்குப் போனவன் தம்பி, எங்கண்ணன் படம் இங்கன்னா அங்க போனது யாரு படம்?" பெஞ்சுகள் சாய்ந்தன, வடைச்சட்டி கவிழ்ந்தது, வெள்ளத்துரை வெறுங்கையை மைக் என்று நினைத்து, "அமைதி, அமைதி" என்று அதற்குள் கத்தினார். அந்த அமளிக்குள், மடியிலிருந்து விழுந்து காலடியில் கிடந்த ரேடியோவிலிருந்து, அவள் மட்டும் கேட்டாள்:

"செம்பா…"

மில்லிலிருந்து வீட்டைப் பார்த்து அவர் கூப்பிடுகிற கூப்பாடு. கோபத்திலும் அப்படித்தான் கூப்பிடுவார், டீ வேண்டுமென்றாலும் அப்படித்தான். அவள் மண்டியிட்டு ரேடியோவைக் காதோடு அழுத்தினாள். அதற்குப் பின்னால் வார்த்தைகள் இருந்தன, நிறைய இருந்தன, அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஆனால் எங்கம்மாவுக்கு எங்கம்மாவுக்கு என்கிற குரல் மேலே நின்றது, எனக்கு எனக்கு என்கிற குரல் மேலே நின்றது, கூப்பிட்ட பதினெட்டாம் நொடியில் பெல்ட் நின்றது, பிறகு உஸ்.

ஜெயராக்கினி காதிலிருந்த கருவியைக் கழற்றினாள். பதிவாகியிருக்கிறதா என்று செண்பகவல்லி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"பூரா ஊர்ச் சத்தம்தான்கா இருக்கு. அது நம்மளத் தாண்டிப் போயிருச்சு. இப்ப கரட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டிருக்கும். பின்னால ஓடிப் பிடிக்க முடியாது."

வாசலில் நாய்கள் எழுந்து, உடம்பை உதறி, ஆளுக்கொரு திசையில் போயின.

மத்தியானம் மூன்று மணிக்கு அவள் ஸ்கேன் சென்டரைத் திறக்கப் போனபோது வரிசை பஜாரைத் தாண்டி நின்றது. எல்லார் கையிலும் பழுப்புக் கவர். பரணிலிருந்தும் பீரோவிலிருந்தும் மெத்தைக்கடியிலிருந்தும் எடுத்த கவர்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டினால் பயத்தில் மறுபடியும் தப்பாகச் சொல்லிவிடுவாளோ என்று அவர்களுக்குப் பயம். அவர்களைப் பார்த்து அவளுக்குப் பயம். பூட்டைத் திறந்தாள்.

வரிசையில் முதல் ஆள் வெள்ளத்துரை. கமிட்டிக் குரலெல்லாம் எங்கோ போய், பள்ளிக்கூடத்தில் சேர்க்கவந்த பிள்ளை மாதிரி நின்றார். "போன வருசம் எடுத்தது. பேரு சரியா இருக்கான்னு மட்டும் பாத்தாப் போதும், தாயி."

"நான் டாக்டர் இல்ல, அண்ணாச்சி."

"தெரியும். நெசத்தச் சொல்லு."

விளக்குப்பெட்டியின் சுவிட்சைப் போட்டு, படத்தைச் செருகினாள். பேர் சரியாக இருந்தது. எலும்பும் அவருடையதுதான், இடது தோளில் பழைய முறிவு. அவள் பேரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கலாம். வலப்பக்கம், மேலே, தீக்குச்சித் தலை அளவுக்கு ஒன்று இருந்தது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். போன வருசமே இருந்திருக்கிறது. அப்போது அவள் பார்த்தாளா, பார்த்தும் பார்க்காமல் விட்டாளா, ஞாபகம் இல்லை. வெளியே அத்தனை பேரும் கதவையே பார்த்தார்கள்.

"இருக்கு, அண்ணாச்சி," என்றாள். "சின்னதா. இங்க. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, நானும் கூட வாரேன்."

வெள்ளத்துரை அவள் விரல் காட்டிய இடத்தைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தடவிப்பிடித்து உட்கார்ந்தார். வெடிக்கவில்லை. சாகவில்லை. தண்ணீர் கேட்டார்.

அவள் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.